ரேஸ் டிரைவர் "வண்டி மாதிரி இல்ல"ன்னு சொன்னா கேம்ல எதை மாத்தணும்?

கேள்வி இதுதான். கோயம்புத்தூர்ல நீங்க நாலு பேர் சேர்ந்து யூனிட்டிங்கற கேம் இன்ஜின்ல ஒரு ரேஸிங் கேம் பண்றீங்க. ட்ராக் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி, வண்டி ஃபார்முலா எல்ஜிபிங்கற ஒத்தை சீட் ரேஸ் வண்டி மாதிரி. அந்த கிளாஸ்ல நெஜமாவே ரேஸ் ஓட்டுற ஒருத்தர் டெஸ்ட் பண்ணித்தரேன்னு வந்திருக்கார். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டி மாதிரி இல்ல"ன்னிருக்கார், என்னண்ணே குறையுதுன்னு கேட்டா "ஃப்ரண்ட் க்ரிப் பத்தல"ன்னிருக்கார், அதாவது முன் டயர் ரோட்டைப் பிடிக்கற பிடி போதலன்னு, சரின்னு க்ரிப்பை ஏத்திக் குடுத்தா "இப்ப ஓவரா ஒட்டுது"ன்னுட்டாராம். "அவர் சொல்றதை எப்படி எடுத்துக்கறது, என்ன கேக்கணும், பெரிய ஸ்டூடியோல எல்லாம் இதை எப்படி பண்றாங்க"ன்னு எழுதியிருந்தீங்க.

அவர் ரெண்டு தடவை சொன்னதும் உண்மை, முதல்ல அதை நம்புங்க. மாத்தி மாத்திப் பேசறார்னு நெனச்சிட்டீங்கன்னா அதோட அந்த ஆளை இழந்துடுவீங்க. வலி எங்கன்னு பேஷன்ட் சொல்றதை நம்பணும், மாத்திரை என்னன்னு பேஷன்ட்கிட்ட கேக்கக்கூடாது, அவ்ளோதான். "ஃப்ரண்ட் க்ரிப் பத்தல"ங்கறது அவர் வாய்ல வந்த மாத்திரை பேரு. நீங்க அதை அப்படியே வாங்கிப் போட்டுட்டீங்க. வலி எந்த கார்னர்ல, எந்த நேரத்துல, கால் எந்த பெடல்ல இருக்கும்போதுன்னு கேக்கவே இல்லையே.

நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா எனக்கு சந்தேகம் இங்கதான் போகுது. நெஜ வண்டில அவர் ஸ்ட்ரெய்ட்ல பிரேக்கை ஓங்கி மிதிச்சு, ஸ்டியரிங்கை திருப்ப ஆரம்பிக்கும்போது பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே கார்னருக்குள்ள போவார், ட்ரெயில் பிரேக்கிங்னு சொல்வாங்களே அது. அப்ப வெயிட் முன்னாடி சாஞ்சு ஃப்ரண்ட் டயரை தரையில அமுக்கிட்டு இருக்கும், மூக்கு தானா உள்ள வரும். அந்த பிரேக்கை எவ்ளோ விடணும்னு அவருக்கு சொல்றது கண் இல்ல, பெல்ட்டு நெஞ்சுல அழுத்துற அழுத்தமும் இடுப்புக்கு கீழ சீட்டு நகர்றதும்தான். உங்க ரூம்ல இருக்கற நாற்காலி அதை ஒண்ணுமே சொல்லாது. அதனால அவர் திருப்ப ஆரம்பிச்ச உடனே பிரேக்கை படக்குனு விட்டுடறார், வெயிட்டு பின்னாடி போயிடுது, ஃப்ரண்ட் லைட்டாகி வண்டி நேரா வெளிய இழுக்குது, அவருக்கு அது "க்ரிப் பத்தல"ன்னு தெரியுது. நீங்க க்ரிப்பை ஏத்தினதும் பிரேக்கே இல்லாம போற ஃபாஸ்ட் கார்னர்ல முன்பக்கம் வெடுக்குனு கடிக்குது, அங்க "ஓவரா ஒட்டுது". ரெண்டு கம்ப்ளெய்ண்டும் ஒரே இடத்துல இருந்து வந்ததா இருக்கலாம், அதுக்கும் டயர் க்ரிப்புக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

இதை ஊகத்துல விடாதீங்க, டெலிமெட்ரி எடுங்க. த்ராட்டில், பிரேக், ஸ்டியரிங் ஆங்கிள், ஸ்பீடு, வண்டி திரும்புற வேகம், நாலு டயரோட ஸ்லிப் ஆங்கிள் (டயர் பாக்கற திசைக்கும் நெஜமா போற திசைக்கும் நடுவுல இருக்கற கோணம்), நாலு டயர் மேலயும் விழற லோடு, இத்தனையும் ஃபைல்ல எழுதுங்க, ஒரு நாள் வேலைதான். அப்புறம் பிரேக் கோட்டை மட்டும் திரையில போட்டுப் பாருங்க. மேல இருந்து சரிவா இறங்குதா, இல்ல சுவர் மாதிரி செங்குத்தா விழுதா? செங்குத்தா விழுந்தா நான் சொன்ன கதைதான். அவரோட நெஜ வண்டி டேட்டா லாகர் ஃபைலோ ஆன்போர்டு வீடியோவோ கெடச்சா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அவர்கிட்டயே காட்டுங்க. "அட, நான் இப்படி ஓட்டவே மாட்டேனே"ன்னு அவரே சொன்னார்னா பாதி வேலை முடிஞ்சுது.

சரி, அப்படின்னா எதை மாத்தறது? முதல்ல பெடல். விலை கம்மி பெடல் செட்ல பிரேக் எவ்ளோ தூரம் இறங்குச்சுன்னு அளக்கும், ரேஸ் வண்டில பிரேக் பெடல் அவ்வளவா இறங்காது, கல்லு மாதிரி இருக்கும், அவர் கால் பழகியிருக்கறது தூரத்துக்கு இல்ல அழுத்தத்துக்கு. அழுத்தத்தை அளக்கற லோட் செல் வச்ச பெடல் ஒண்ணு வாங்குங்க, கடன் கேட்டாவது வாங்குங்க. இது இல்லாம எடுத்த பிரேக் ஃபீட்பேக் எதையும் நான் கணக்குல சேர்க்க மாட்டேன். அப்புறம் உடம்புக்கு கெடைக்காததை கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் குடுங்க: ஃப்ரண்ட் லோடு ஏறும்போது ஸ்டியரிங் கனக்கணும், டயர் தன் எல்லைய நெருங்கும்போது உரசற சத்தம் சின்னதா ஆரம்பிச்சு ஏறணும், பிரேக் பிடிக்கும்போது கேமரா ஒரு நூல் முன்னாடி சாயணும். ரொம்ப சாஞ்சா தலை சுத்தும், அளவா.

கேமரான்னதும் இன்னொண்ணு, இதை நெறைய டீம் கவனிக்கறதே இல்ல. யூனிட்டி கேமராவோட ஃபீல்டு ஆஃப் வியூ, அதாவது கேமரா பாக்கற கோணம், டீஃபால்ட்டா 60 டிகிரி இருக்கும், அது மேலருந்து கீழ வரைக்கும். சாதாரண 16க்கு 9 மானிட்டர்ல பக்கவாட்டுல அது கிட்டத்தட்ட 91 டிகிரி ஆயிடும். ஆனா 27 இன்ச் மானிட்டர் அகலம் சுமாரா 60 சென்டிமீட்டர், அதை 60 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்து பாத்தா நெஜத்துல கண்ணுக்கு அது அடைக்கற அகலம் 53 டிகிரிதான், செட்டிங்ல, மேலருந்து கீழ கணக்குல, அது 31 வரும். 60லயே விட்டா கார்னர் எல்லாம் இருக்கறதை விட தூரமா தெரியும், அவர் வழக்கமா பிரேக் பிடிக்கற இடம் மனசுல ஒண்ணு, திரையில ஒண்ணு. கேம் விளையாடறவங்களுக்கு அகலமா இருந்தாதான் வேகம் தெரியும், அவங்களுக்கு அப்படியே வைங்க, டிரைவர் டெஸ்ட் பண்ணும்போது மட்டும் கணக்குப்படி வைங்க. ஸ்டியரிங்கும் அதே மாதிரி, அவர் வண்டில வீல் எத்தனை டிகிரி திரும்புமோ உங்க வீலும் அத்தனைதான் திரும்பணும்.

இவ்ளோவும் சரி பண்ணி, பிரேக்கையும் அவர் சரிவா விட்டு, அப்பவும் வண்டி மாதிரி இல்லன்னா அப்ப டயர் மாடலுக்கு வாங்க. யூனிட்டில ரெடிமேடா வர்ற சக்கர மாடலான வீல் கொலைடரை அப்படியே யூஸ் பண்றீங்கன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல. அதுல முன்பின் க்ரிப்புக்கு ஒரு கர்வ், பக்கவாட்டு க்ரிப்புக்கு ஒரு கர்வ்னு தனித்தனியா இருக்கும், டயர் வழுக்க வழுக்க க்ரிப் எப்படி மாறுதுன்னு காட்டற கோடுதான் கர்வ். நெஜ டயருக்கு இருக்கறது ஒரே க்ரிப், பிரேக்குக்கு எடுத்துக்கிட்டா திரும்பறதுக்கு அந்தளவு கொறையும். ரெண்டையும் முழுசா ஒரே நேரத்துல குடுக்கற டயர்ல ட்ரெயில் பிரேக்கிங்குக்கு அர்த்தமே போயிடும், நல்ல டிரைவர் அதை சீக்கிரமே மோப்பம் பிடிச்சிடுவார், ஆனா காரணம் சொல்லத் தெரியாம "என்னமோ பொய்யா இருக்கு"ன்னு மட்டும் சொல்வார். பசேஜ்கா ஃபார்முலான்னு நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் பசேஜ்கா பேர்ல இருக்கற டயர் மாடல் இந்தத் துறைல ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு, அதுல ரெண்டையும் சேர்த்து கணக்கு போடற வழியும் இருக்கு, அதைப் படிச்சு சொந்தமா எழுதுங்க. பிசிக்ஸ் டைம் ஸ்டெப்பையும் பாருங்க, அதாவது எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை வண்டியோட நகர்வை கேம் கணக்கு போடுதுன்னு. யூனிட்டி டீஃபால்ட் 0.02 செகண்ட், அதாவது செகண்டுக்கு 50 தடவை. மணிக்கு 100 கிலோமீட்டர்ல போற வண்டி அந்த ஒரு ஸ்டெப்புக்குள்ள அரை மீட்டருக்கு மேல நகர்ந்துடும், நடுவுல இருக்கற மேடு பள்ளம் எதையும் டயர் பாக்கவே பாக்காது. ரேஸிங் சிமுலேட்டர்களான அசெட்டோ கோர்சா செகண்டுக்கு 333 தடவை, ஐரேஸிங் 360 தடவை கணக்கு போடுது. கேம் முழுசையும் அந்த வேகத்துல ஓட்ட வேண்டாம், வண்டியோட கணக்கை மட்டும் உள்ளுக்குள்ள பல தடவை பிரிச்சுப் போடுங்க.

"திடீர்னு சுத்திடுது, பிடிக்கவே முடியல"ன்னும் ஒரு நாள் சொல்வார், எல்லா டிரைவரும் சொல்றதுதான். க்ரிப் எல்லை தாண்டினதும் உங்க கர்வ் ரொம்ப செங்குத்தா விழுதான்னு பாருங்க, விழுந்தா கொஞ்சம் மட்டமாக்குங்க. அதைவிட முக்கியம் ஸ்டியரிங் குடுக்கற முன்னறிவிப்பு. நெஜ டயர்ல, ஸ்டியரிங்கை நேராக்கப் பாக்கற விசை இருக்கு பாருங்க, அது டயரோட பக்கவாட்டு க்ரிப் உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடியே கொறைய ஆரம்பிச்சிடும். அதாவது க்ரிப் இன்னும் பாக்கி இருக்கும்போதே கையில வீல் லேசாகும், டிரைவர் அங்கதான் எல்லைய படிக்கறார். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது கேம் ஸ்டியரிங் வீல் கைக்கு குடுக்கற விசையை, நேரா பக்கவாட்டு விசையோட கட்டி விட்டுட்டா இந்த சங்கேதம் காணாம போயிடும். கை கெட்டியா இருக்குன்னு நம்பி ஓட்டிட்டு இருப்பார், வண்டி ஏற்கனவே போயிருக்கும்.

இப்ப கேள்வி கேக்கற விதம். "எப்படி இருக்கு", "ரியலா இருக்கா" இந்த ரெண்டையும் கேக்கவே கேக்காதீங்க, வந்தவர் மரியாதைக்கு நல்லாருக்குன்னுதான் சொல்வார். "மூணாவது கார்னர்ல உள்ள நுழையும்போதா, நடுவுலயா, வெளிய வரும்போதா? கால் எங்க இருந்துச்சு? முன்னாடி போச்சா பின்னாடி போச்சா? நெஜ வண்டில அதே இடத்துல என்ன பண்ணியிருப்பீங்க?" இப்படி கேளுங்க. ஓட்டி முடிச்சு வீல்ல இருந்து கை எடுக்கறதுக்குள்ள கேட்டுடுங்க, டீ குடிச்சுட்டு வந்தார்னா கதையா மாறிடும். ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் எழுதணும், மத்த ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருக்கணும், முக்கியமா "அது ஏன்னா எங்க கோடிங்ல"ன்னு நீங்க விளக்கம் குடுக்க ஆரம்பிச்ச நிமிஷம் அவர் பேச்சை நிறுத்திடுவார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க, என்ன மாத்தினீங்கன்னு சொல்லாதீங்க. நடுநடுவுல எதையுமே மாத்தாம "இப்ப ஓட்டிப் பாருங்கண்ணே"ன்னு அதே செட்டிங்கை திரும்பக் குடுங்க. அவரை மாட்டி விடறதுக்கு இல்ல இது, அவர் அன்னிக்கு களைச்சுட்டாரா, கேமுக்கே பழகிட்டாரான்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பழக்கம்கறது பெரிய ஆபத்து. நல்ல டிரைவர் எந்த குப்பை வண்டியையும் கொஞ்ச நேரத்துல பழகி வேகமா ஓட்டிடுவார், அதுக்கப்புறம் குறையே தெரியாது, அதனால ஒவ்வொரு செஷன்லயும் முதல் சில லேப்ல அவர் சொல்றதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

பெரிய ஸ்டூடியோ எப்படி பண்றாங்கன்னு கேட்டீங்க. கோட்மாஸ்டர்ஸ்ங்கற கேம் கம்பெனி 1998ல காலின் மெக்ரே ரேலி பண்ணும்போது 1995 உலக ரேலி சாம்பியனான மெக்ரே பேரு மட்டும் இல்ல, அவரோட கோ டிரைவர் நிக்கி கிறிஸ்ட் குரலும் உள்ள இருந்துச்சு. ரேலில அடுத்த வளைவு என்னன்னு எந்த நொடில சொல்லணும்கறது பக்கத்து சீட்காரருக்குத்தான் தெரியும், டிரைவரை விட. எஃப்1 2010க்கு ஃபார்முலா ஒன் ஓட்டின ஆந்தனி டேவிட்சனை டெக்னிக்கல் கன்சல்டன்ட்டா வச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஜான் ஆம்ஸ்ட்ராங். நெஜ ரேலி டிரைவர், 2018ல டபிள்யூஆர்சி (உலக ரேலி சாம்பியன்ஷிப்) இஸ்போர்ட்ஸ் சாம்பியன், கோட்மாஸ்டர்ஸ் ரேலி கேம்ல வண்டி நடத்தைய சரி பண்ற வேலையும் பார்த்தார். ரெண்டு பக்கத்து பாஷையும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கெடச்சா நடுவுல மொழிபெயர்ப்பே வேண்டாம். கிரான் டூரிஸ்மோ கேமை உருவாக்கின கஸுனோரி யமவுச்சி இன்னும் ஒரு படி மேல போய் தானே ஜெர்மனில நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸ்ல ஓட்டினார். நீங்க நாலு பேரும் அதைப் பண்ண முடியாது, ஆனா வண்டி பிசிக்ஸ் எழுதற அந்த ஒருத்தராவது ட்ராக்ல ஒரு கோ-கார்ட்ல உக்காந்து பிரேக்கை விட்டா என்ன ஆகுதுன்னு இடுப்புல வாங்கிட்டு வரணும்னு நான் கண்டிப்பா சொல்வேன். இத்தாலில அசெட்டோ கோர்சா பண்ணின குனோஸ் கம்பெனி ஆபீஸையே ரோமுக்குப் பக்கத்துல வல்லேலுங்கா சர்க்யூட்லதான் வச்சிருந்தாங்க. உங்களுக்கு செட்டிபாளையம் பக்கத்துலயே இருக்கு, போங்க.

டிரைவரை ஹேண்ட்லிங்குக்கு மட்டும் யூஸ் பண்ணாதீங்க, ட்ராக் விஷயத்துலதான் அவர் தங்கம். அமெரிக்காவுல நாஸ்கார்ங்கற கார் ரேஸ் தொடர்ல ஓட்டின டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், 1996லருந்து பெரிய நாஸ்கார் ரேஸே நடக்காம புதர் மண்டிப் போயிருந்த நார்த் வில்க்ஸ்பரோ ட்ராக்கை 2019 கடைசில ஆளுங்களை சேர்த்து சுத்தம் பண்ண வச்சு, ஐரேஸிங் அதை லேசர் ஸ்கேன் பண்ணினாங்க. 2023ல நாஸ்கார் ஆல் ஸ்டார் ரேஸ் அதே ட்ராக்குக்கு திரும்ப வந்துச்சு. உங்களுக்கு லேசர் ஸ்கேனர் கட்டுப்படியாகாது. அதுக்கு பதிலா ட்ராக் மேப்பை பெரிய சைஸ்ல பிரிண்ட் எடுத்து, ஒரு கலர் பேனா குடுத்து, எங்க தூக்கிப் போடும், எங்க வண்டி ஒரு பக்கமா சாயும், ட்ராக் ஓரத்துல மேடா இருக்கற கெர்ப்ல எது மேல ஏறலாம் எதுல ஏறினா வண்டி பறக்கும், பிரேக் பிடிக்க எந்த மரத்தை எந்த போர்டை பாக்கறார்னு அவரையே வரையச் சொல்லுங்க. அந்த ஒரு தாள்ல கெடைக்கறது, ட்ராக்கை கம்ப்யூட்டர்ல உருவாக்கற உங்க மாடலருக்கு எவ்ளோ போட்டோ எடுத்தாலும் கெடைக்காது.

ஒரு எச்சரிக்கை. அவருக்குப் பிடிச்ச மாதிரியே முழுசா செட் பண்ணிட்டீங்கன்னா ஜாய்ஸ்டிக்ல விளையாடப் போற பையன் முதல் வளைவுலயே சுவத்துல போவான். வண்டி பிசிக்ஸ் ஒண்ணுதான் இருக்கணும், அதுல கை வைக்காதீங்க, கன்ட்ரோலர்ல இருந்து வர்ற இன்புட்டை மட்டும் மென்மையாக்கற ஃபில்டரை தனியா எழுதுங்க, அதை டெஸ்ட் பண்ண டிரைவர் வேண்டாம், கேம் விளையாடற ஆளுங்களை தனியா கூப்பிடுங்க.

அப்புறம் பணம், பேர். வந்து உக்கார்ற நேரத்துக்கு ஏதாவது குடுங்க, டயர் செலவு பெட்ரோல் செலவுன்னு அவங்க கஷ்டம் அவங்களுக்கு. அவர் பேரையும் படத்தையும் போஸ்டர்ல போடறதா இருந்தா ஒரு பக்கமாவது எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. ட்ராக் பேர், வண்டி பேர், டயர் கம்பெனி பேர் எல்லாத்துக்கும் தனித்தனியா அனுமதி வேணும், அது வர்ற வரைக்கும் வேற பேர் வச்சு வேலையை நடத்துங்க. அடுத்த செஷனுக்கு அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி கேமோட அந்த முதல் வெர்ஷனை, க்ரிப் ஏத்தாததை, தனியா ஒரு ஃபோல்டர்ல எடுத்து வைங்க, பெடலும் கேமராவும் மட்டும் மாத்தி முதல்ல அதையே ஓட்டச் சொல்லுங்க.