அடுக்களைக் கேள்வி-பதில்: வீட்டிலேயே பழ சாஸ்

ரெங்கம், குளுவாங் வட்டாரத்தில் அன்னாசி மலிந்திருக்கும் நேரம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழ சாஸ் பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: இளம் செம்பனைக்கு நடுவே போட்ட அன்னாசி அடிக்கடி வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு ரொட்டி, லெம்பெங், ஐஸ்கிரீமோடு கொடுக்க சாஸ் காய்ச்சினால், ஒரு தடவை தண்ணியாக ஓடுகிறது. இன்னொரு தடவை மறுநாள் கரண்டியே இறங்காத அளவுக்கு இறுகிவிடுகிறது. சரியான அளவும் பக்குவமும் சொல்லுங்கள். (வாசகி, ரெங்கம்)

பதில்: தோல், கண், நடுத்தண்டு எல்லாம் எடுத்த பிறகு நிறுத்துப் பாருங்கள். அப்போது கிடைக்கும் எடைதான் கணக்கு. முழுப் பழத்தின் எடையை வைத்துச் சீனி போட்டால் திகட்டும். 500 கிராம் பழத்துக்கு 100 கிராம் சீனி, அதாவது அரைக் கப். ஒரு சிட்டிகை உப்பு. ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அல்லது மூன்று லீமாவ் கஸ்தூரியின் சாறு. மோரிஸ் ரகம் புளிப்பாக இருந்தால் எலுமிச்சையைப் பாதியாக்கலாம். எம்டி2 போன்ற இனிப்பு ரகத்துக்கு 70, 80 கிராம் சீனி போதும், ஆனால் எலுமிச்சையை விட வேண்டாம். புளிப்பு இல்லாத பழ சாஸ் வெறும் சீனிப்பாகு மாதிரிதான் இருக்கும்.

பாதிப் பழத்தைப் பொடியாக நறுக்குங்கள், மீதியை அரைத்துக்கொள்ளுங்கள். சீனியும் உப்பும் பிசறி அரை மணி நேரம் மூடி வையுங்கள். சீனி பழத்திலிருந்து சாற்றை இழுத்துவிடும், அதனால் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தேவையில்லை. தண்ணியாகப் போகிறது என்று எழுதியவர்களில் பலர் ஆரம்பத்திலேயே ஒரு கப் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றிய தண்ணீரை வற்ற வைப்பதற்குள் பழத்தின் வாசமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது சட்டி. வாய் அகன்ற எவர்சில்வர் சட்டி அல்லது எனாமல் சட்டி எடுங்கள். அலுமினியச் சட்டி கூடாது. புளிப்பு பட்டால் உலோக வாடை வரும், நிறமும் மங்கும். அகன்ற சட்டியில் கொதி வந்தபின் எட்டுப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதே அளவை ஆழமான சோற்றுப் பானையில் வைத்தால் ஆவி போக இடமில்லாமல் அரை மணி நேரம் வரை இழுக்கும், பொன்னிறம் போய்ப் பழுப்பாகிவிடும். மிதமான தீ போதும். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். கடைசி மூன்று நிமிடம் கிளறுவதை நிறுத்தக் கூடாது, சீனி அடியில் பிடிப்பது அப்போதுதான்.

இறக்கும் பக்குவத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூட்டில் கெட்டியாகத் தெரிகிற வரை காய்ச்சினால், ஆறியதும் அது ஜாமாகிவிடும். அடுப்பில் இருக்கும்போது சாஸ் சற்று நீர்த்துத்தான் தெரிய வேண்டும். காய்ச்சத் தொடங்கும் முன்பே ஒரு சின்னத் தட்டை ஐஸ் பெட்டியின் உறை அறையில் வைத்துவிடுங்கள். அந்தக் குளிர்ந்த தட்டில் அரைக் கரண்டி சாஸ் விட்டு, அரை நிமிடம் கழித்து நடுவில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் இரண்டு நிமிடம் வேக வேண்டும். மெதுவாக மூடினால் இறக்கிவிடலாம். மூடவே இல்லை என்றால் கொஞ்சம் தாண்டிவிட்டது. எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின் கலக்குங்கள், மணம் நிற்கும்.

ஏற்கனவே இறுகிப்போனதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கரண்டியாக வெந்நீர் விட்டு, சின்னத் தீயில் கலக்கினால் இளகிவிடும்.

கேள்வி: பச்சை அன்னாசியை அரைத்துத் தயிரில் கலந்தேன். ஒரு மணி நேரத்தில் கசந்து நீர்விட்டது. அதே சாற்றில் ஜெலட்டின் போட்டுப் புட்டிங் செய்தேன், இரவு முழுக்க வைத்தும் உறையவில்லை. பழம் கெட்டதா, ஜெலட்டின் கெட்டதா? (வாசகி, லாயாங்-லாயாங்)

பதில்: இரண்டும் கெடவில்லை. அன்னாசியில் புரோமிலைன் என்ற என்சைம் இருக்கிறது. புரதத்தை வெட்டிப் போடுவதுதான் அதன் வேலை. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதில் அதற்கும் பங்கு உண்டு. பாலின் புரதத்தை வெட்டினால் கசப்பு வருகிறது. ஜெலட்டினே ஒரு புரதம், வெட்டுப்பட்ட பிறகு அது எப்படி உறையும்? பழத்தை நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்த என்சைம் செயலிழந்துவிடும். மேலே சொன்ன முறையில் காய்ச்சிய சாஸைத் தயிரிலும் கஸ்டர்டிலும் தைரியமாகச் சேர்க்கலாம். டின் அன்னாசியும் சூடு கண்டதுதான், அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

பப்பாளியிலும் பப்பைன் என்று இதே வகை என்சைம் உண்டு, அது புரோமிலைனைவிடச் சூடு தாங்கும். பப்பாளி சாஸை ஓரிரு நிமிடம் கூடுதலாகவே கொதிக்க விடுங்கள்.

அகர்-அகர் கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் அல்ல. பச்சை அன்னாசி போட்டாலும் உறையும். சைவ வீடுகளுக்கு எப்படியும் அதுதான் பொருத்தம், ஏனென்றால் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. ஒன்று மட்டும் கவனம்: புளிப்புச் சாற்றோடு சேர்த்து அகர்-அகரைக் கொதிக்கவிட்டால் அதன் பிடி தளரும். தண்ணீரில் தனியாகக் காய்ச்சிக் கரைத்து, இறக்கியபின் சாற்றைச் சேருங்கள்.

கேள்வி: சோளமாவு போட்டால் கட்டி தட்டுகிறது. கட்டி இல்லாமல் வந்தாலும் இரண்டு நாளில் சாஸ் நீர்த்துப் போகிறது. (வாசகர், பாலோ)

பதில்: 500 கிராம் பழத்துக்கு மட்டமாக அளந்த இரண்டு தேக்கரண்டி மாவை இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சூடான சாஸில் மாவை நேராகத் தூவினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து, உள்ளே மாவு அப்படியே சிக்கிக்கொள்ளும். அதுதான் கட்டி. கரைத்து வைத்திருந்தாலும் மாவு அடியில் தங்கிவிடும், ஊற்றும் முன் ஒரு தடவை கலக்குங்கள். ஊற்றியபின் சாஸ் நன்றாகப் பொங்கி ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். கெட்டியானதும் உடனே அணைத்தால் மாவு வாடை போகாது.

பிறகு நீர்த்துப் போவதற்குக் காரணங்கள் சில. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் மாவின் பிடி உடையும், அதனால்தான் எலுமிச்சையைக் கடைசியில் விடச் சொல்கிறோம். உறைய வைத்து எடுத்தாலும் சோளமாவு நீர் கக்கும். உறைய வைப்பதாக இருந்தால் மரவள்ளிக்கிழங்கு மாவு பரவாயில்லை, பளபளப்பும் கூடுதல். ஆனால் அளவு மிஞ்சினால் இழுபடும். இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டியையே மறுபடியும் பாத்திரத்தில் விடுவது. எச்சிலில் உள்ள என்சைம் மாவுச்சத்தைக் கரைத்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சந்தேகம் முதலில் அங்கே போகட்டும்.

நல்ல பழம் இருந்தால் மாவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மாவு போட்ட சாஸில் பழத்தின் ருசி ஒரு படி இறங்கித்தான் இருக்கும்.

கேள்வி: அன்னாசிக்குச் சொல்லும் முறையே எல்லாப் பழத்துக்கும் சரிவருமா? சிவப்பு டிராகன் பழத்தில் செய்தேன், அழகான நிறம் மண் நிறமாகிவிட்டது. (வாசகி, குளுவாங்)

பதில்: வராது. டிராகன் பழத்தின் சிவப்பு சூட்டுக்கு ஆகாதது. அரைக் கப் தண்ணீரில் சீனியைக் கரைத்துப் பாகாக்கி இறக்கி, வெதுவெதுப்பானதும் மசித்த பழத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்தால் போதும். புளிப்பு இருந்தால் நிறம் ஓரளவு நிலைக்கும். மிக்ஸியில் போடாதீர்கள், விதை உடைந்து நறநறக்கும். முள்கரண்டியால் மசியுங்கள். வேக வைக்காததால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

கேமரன் மலை ஸ்ட்ராபெரியில் சாஸை இறுக வைக்கும் பெக்டின் என்ற சத்து குறைவு, நீர் அதிகம். பழம் முழுசாகத் தெரிய வேண்டுமானால் சீனி பிசறி வைத்து, விட்ட சாற்றை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் வற்ற வையுங்கள். பிறகு பழத்தைப் போட்டு மூன்று நிமிடம். எலுமிச்சை விட்டதும் சிவப்பு பளிச்சென்று மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கொய்யா இதற்கு நேர் எதிர். பெக்டின் நிறைய உண்டு, முக்கால் பழுத்ததில் இன்னும் அதிகம். துண்டு போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில் மெத்தென்று வேகவைத்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்கிவிட்டுச் சீனி சேருங்கள். மிகச் சீக்கிரம் இறுகும், அன்னாசிக்குச் செய்வதைவிட முன்னதாகவே இறக்குங்கள்.

மார்க்கிசாவில் (பேஷன் பழம்) ஒரு வசதி. அதன் சாற்றிலேயே மாவுச்சத்து இருப்பதால் சூடு பட்டதும் தானாகக் கெட்டியாகும். சீனி மட்டும் கூடுதலாக வேண்டும், 200 மில்லி சாற்றுக்கு 80 கிராம். மாம்பழத்துக்கு அடுப்பே அனாவசியம். பெர்லிஸ் ஹாருமானிஸை வாங்கிக் காய்ச்சுவது காசைக் கரைக்கும் வேலை. அதை வெறுமனே சாப்பிடுங்கள். சாஸுக்கு நாரும் புளிப்பும் உள்ள கொல்லை மாம்பழம் போதும், அரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

டுரியானுக்கு நம் பக்கத்துச் பெங்காட் முறைதான் சிறந்தது: தேங்காய்ப்பாலும் குலா மெலாகாவும் (தென்னை வெல்லம்) ஒரு பாண்டான் இலையோடு கொதித்தபின், சுளையைக் கடைசியில் சேர்த்து ஒரு கொதியில் இறக்குவது. இதை ரொட்டி ஜாலாவுக்கும் புலுட்டுக்கும் ஊற்றிச் சாப்பிடலாம். ஒரே நாளில் முடித்துவிடுங்கள், தேங்காய்ப்பால் தாங்காது.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்பு நீர். சீனிக்குப் பதில் தேன் அல்லது குலா மெலாகா போட்டால் சாப்பிடலாமா? (வாசகர், சிம்பாங் ரெங்கம்)

பதில்: தேனும் குலா மெலாகாவும் சீனிதான், பெயர் வேறு. இரத்தத்தில் சர்க்கரையை அவையும் ஏற்றும். செய்யக்கூடியது சீனியைக் குறைப்பதுதான். இனிப்பான பழத்தில் 500 கிராமுக்கு 30 கிராம் போட்டாலும் சாஸ் வரும், சற்று நீர்த்திருக்கும், மூன்று நான்கு நாள்தான் நிற்கும். பழத்தின் சொந்தச் சர்க்கரையும் கணக்கில் சேரும் என்பதால் ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, வெள்ளை ரொட்டிக்குப் பதில் ஓட்ஸ் அல்லது தயிரோடு கொடுங்கள். அளவை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கை இனிப்பு போடுவதானால், அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பை இழக்கும். ஆறிய பிறகு சேருங்கள்.

தேன் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது, காய்ச்சியதாக இருந்தாலும்.

கேள்வி: கடை ஜாம் மேசை மேலேயே கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. வீட்டு சாஸில் மட்டும் ஏன் ஒரு வாரத்தில் பூஞ்சை? (வாசகி, காஹாங்)

பதில்: ஜாமில் சீனியின் பங்கு ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்கு மேல். அவ்வளவு சீனியில் கிருமி வளரத் தண்ணீர் கிடைக்காது. நம் சாஸில் அதில் பாதிதான் இருக்கும், ஆகவே ஐஸ் பெட்டிதான் அதற்கு இடம். கண்ணாடிப் போத்தலை மூழ்கும் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுங்கள். போத்தல் சூடாக இருக்கும்போதே சூடான சாஸை ஊற்றுங்கள். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் சாஸ் விழுந்தால் வெடிக்கும். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். உறைய வைத்தால் மூன்று மாதம். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் காலையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கினால் போதும்.

பூஞ்சை வந்தால் மேலே வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே இறங்கியிருக்கும். முழுப் போத்தலும் குப்பைக்குத்தான்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போத்தலில் விற்கலாமா? (வாசகி, ரெங்கம்)

பதில்: விற்கலாம். ஆனால் 1983 உணவுச் சட்டமும் 1985 உணவு விதிமுறைகளும் வீட்டில் செய்ததற்கும் பொருந்தும். உணவு கையாளுபவர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் முடித்திருக்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரித்தவர் பெயர், முகவரி தேவை. கெடும் தேதியையும் போடுங்கள். பசார் மாலாம் இடத்துக்கான லைசென்ஸை உங்கள் வட்டார ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். முதலில் அன்னாசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு நம் பக்கம் இருக்கிறது. பப்பாளி, டிராகன் பழம் போன்ற புளிப்புக் குறைந்தவை சீக்கிரம் கெடும், அவற்றை விற்பனைக்கு வைக்க வேண்டாம். போத்தலை ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வைத்தே கொண்டு போங்கள், மேசையில் அடுக்குவதற்கு ஒரு மாதிரிப் போத்தல் போதும்.