இரண்டு கம்ப்யூட்டர், நாலாயிரம் பாட்டு: வாசகர் கேள்வி-பதில்

கே: மாடியில் டெஸ்க்டாப், கீழே லேப்டாப். இரண்டிலும் ஒரே பாட்டுகள் இருக்க வேண்டும். மொத்தம் நாலாயிரம் எம்பி3. நெட்வொர்க்கில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி (என்.ஏ.எஸ்.) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர், முப்பதாயிரமாம். வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

ப: வேண்டாம். 320 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி. பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று போட்டாலும் மொத்தம் 48 ஜிபிதான். இதற்கா முப்பதாயிரம்? 'சிங்க்திங்' என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் போட்டுப் பாட்டு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். ஒன்றில் சேர்த்த பாட்டு வீட்டு வைஃபை வழியாகவே மற்றதற்குப் போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். அதன் ஃபேன் சத்தத்தில் வீணை கேட்காது. இப்போது ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

கே: பாட்டெல்லாம் வந்துவிட்டது, பிளேலிஸ்ட் வரவில்லையே?

ப: பிளேலிஸ்ட்டைப் பல பிளேயர்கள் பாட்டோடு வைக்காமல் தங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். எம்3யு ஃபைலாக (பாட்டுகள் இருக்கும் இடத்தை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்து பாட்டு ஃபோல்டரிலேயே போடுங்கள். அதற்குள் டிரைவ் பெயரோடு முழுப் பாதை இருந்தால் அடுத்த கம்ப்யூட்டரில் பாடாமல் போகலாம்.

கே: லேப்டாப்பில் இடமில்லை என்று பழைய பாட்டுகளை அழித்தேன். டெஸ்க்டாப்பிலும் காணோம்! மென்பொருள் கோளாறா?

ப: இல்லை. அதன் வேலையே அதுதான். ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் சேரும், அழித்தால் அழியும். அமைக்கும்போது ஒரு நிமிடம் படித்திருக்கலாம். ஆனால் என் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. இப்படி ஒத்திசைக்கிற சாமான் மேலெல்லாம் 'ஆட்டோ பேக்கப்' என்று அச்சடித்து விற்கிறார்களே, அவர்கள் மேல்தான். நீங்கள் தப்பாக அழித்ததையும் சில நொடியில் நகலெடுக்கும் பொருள் எப்படிப் பேக்கப் ஆகும்? சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். டெஸ்க்டாப்பில் இருப்பது சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், அதில் புதிதாக எதையும் எழுதாமல் மீட்பு மென்பொருள் ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி (சிப்பில் பதியும் புதிய வகை) என்றால் நம்பிக்கை குறைவு. அப்புறம், சிங்க்திங்கில் 'ஃபைல் வெர்ஷனிங்' என்று ஒரு வசதி உண்டு, தானாக ஆனில் இருக்காது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆன் செய்தால், மறுபக்கத்தில் அழித்தது இங்கே தனி ஃபோல்டரில் தங்கும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் மாதம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வையுங்கள்.

கே: மாதச் சந்தா ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டுகளை லேப்டாப்புக்கு மாற்றலாமா?

ப: முடியாது. அது வாடகைப் பாட்டு.

கே: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 699 ரூபாய்க்கு வாங்கி, அப்பா சேர்த்து வைத்த பாட்டுகளை ஏற்றினேன். முதலில் ஏற்றியவை பாடுகின்றன. மற்றவற்றில் பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை. தள்ளுபடிப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் ஐயா, வெட்கப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் ஜிபி உள்ள சிப்பை 2 டிபி என்று காட்டும்படி திருத்தி விற்பது பழைய மோசடி. மூலப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பாடுகிறவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். பிறகு 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மையான கொள்ளளவு தெரியும். அந்தத் திரையைப் படமெடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். தள்ளுபடி என்பதால் போலிப் பொருளுக்குப் பொறுப்பு விலகாது. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.