சிபேப் மெஷின் போட்டால் மூச்சை வெளியே விடச் சிரமமாக இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 53. கோவில்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். குறட்டையும் பகல் தூக்கமும் அதிகமானதால் மதுரையில் ஸ்லீப் ஸ்டடி செய்துகொண்டேன். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று சொல்லி, தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் சிபேப் மெஷினை 11 அழுத்தத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மூச்சை இழுப்பது சுலபமாக இருக்கிறது. விடும்போதுதான் எதிரே காற்று வந்து தள்ளுகிறது. முழுசாக விட முடியாமல் நெஞ்சு நிரம்பியே இருப்பதுபோல் பயம் வந்து, கால் மணி நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறேன். விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகுமோ என்றும் தோன்றுகிறது. பல வருஷமாகப் பிராணாயாமம் செய்கிற எனக்கே மூச்சு விட வரவில்லையே என்று வருத்தம். அழுத்தத்தை 6-க்குக் குறைத்துவிடலாம் என்கிறார் கணவர். குறைக்கலாமா?

பதில்: கணவரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக 6-க்குக் குறைக்க வேண்டாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை குறுகிவிடுவதுதான் உங்கள் நோய். ஒவ்வொரு மூச்சையும் விட்டு முடிக்கிற அந்தக் கடைசிக் கணத்தில் பாதை மிகவும் குறுகலாக இருக்கும். அடைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிப்பதற்காகத்தான் நீங்கள் மூச்சை விடும்போதும் மெஷின் காற்றை நிறுத்தாமல் தருகிறது. உங்களைத் தொந்தரவு செய்கிற எதிர்க்காற்றுதான் இங்கே மருந்து. 1980-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்த முறையைக் கண்டுபிடிக்கும்வரை, நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வதுதான் நிச்சயமான சிகிச்சையாக இருந்தது. மூக்கில் வைக்கும் ஒரு மாஸ்க் வழியாக அதே பலன் கிடைக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. மணிக்கு 38 என்பது கடுமையான வகையைச் சேர்ந்தது. 30-ஐத் தாண்டினாலே அப்படித்தான் கணக்கிடுகிறோம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கெடுதல் செய்யக்கூடிய நிலை இது. அதனால்தான் மெஷினைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் சிரமத்துக்கு வருகிறேன். 11 என்பது 11 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். உயரமான ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவை அடிவரை விட்டு ஊதிப் பாருங்கள். முதல் குமிழி வருவதற்கு எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் உங்கள் மெஷினின் எதிர்ப்பு. சின்னக் குழந்தைகள்கூட விளையாட்டாகச் செய்வார்கள். பலம்கொண்டு ஊதினால் நம் நெஞ்சும் வயிறும் இதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தை உண்டாக்கும். ஆகவே உங்கள் உடம்பில் தெம்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். சிரமம் வருவது வேறு இடத்திலிருந்து.

சும்மா இருக்கும்போது மூச்சை விட நாம் எந்த முயற்சியும் செய்வதில்லை. இழுக்கும்போது விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கி, ஓர் அளவில் வந்து நிற்கிறது. மெஷின் போட்டவுடன் அந்த நிற்கும் அளவு மாறிவிடுகிறது. உள்ளிருந்து தாங்கும் அழுத்தத்தால் நுரையீரல் முன்பைவிடச் சற்று விரிந்த நிலையிலேயே நிலைகொள்கிறது. அங்கிருந்து மேலே விரிந்து, திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது. உள்ளே போன காற்று வெளியே வந்துவிடுகிறது, அடியில் இருக்கும் காற்றின் அளவு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நெஞ்சு நிரம்பியே இருக்கிறது என்று நீங்கள் எழுதியது சரியாக இதைத்தான். அது மூச்சுத் திணறலுக்கு அடையாளம் இல்லை. ஆனால் நமக்குப் பழைய அளவுதான் பழக்கம் என்பதால், அதுவரை காலி செய்தே ஆக வேண்டும் என்று வயிற்றை இறுக்கித் தள்ளுகிறோம். தள்ளத் தள்ளக் களைப்பு வருகிறது. களைப்போடு பயமும் சேர்ந்துகொண்டால் மூச்சு வேகமாகிறது. சிலருக்கு விரல் நுனி மரத்து, தலை லேசாகச் சுற்றும். அது தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் வருவது.

பிராணாயாமம் செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் சிரமம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ரேசகத்தில், இழுத்ததைப்போல இரண்டு பங்கு நேரம் விட்டு, நெஞ்சை நன்றாகக் காலி செய்யப் பழகியிருக்கிறீர்கள். காலையில் அதைத் தாராளமாகத் தொடருங்கள். மாஸ்க் போட்டிருக்கும்போது மட்டும் அந்தப் பயிற்சி வேண்டாம். எண்ண வேண்டாம், நீட்ட வேண்டாம், காலி செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். சாயங்காலம், தூக்கம் வராத நேரத்தில், நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். மெஷினை ஓடவிட்டு, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது எடுத்துவிடலாம் என்ற நிச்சயம் இருந்தாலே பாதி பயம் போய்விடும். வாயை மூடி, மூக்கால் இழுங்கள். விடும்போது தோள், தாடை, வயிறு மூன்றையும் தளர்த்திவிட்டு, காற்று தானாக வெளியேறட்டும் என்று சும்மா இருங்கள். மூச்சு சீக்கிரமே முடிந்துவிட்டதுபோல் இருக்கும். பரவாயில்லை, அடுத்த மூச்சு தானாக வரும். ஓரளவு பழகியதும் பட்டையை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதோ டிவி பார்ப்பதோ, கவனத்தை மூச்சிலிருந்து விலக்குகிற எதையாவது செய்யுங்கள். தினம் அரை மணி நேரம், ஒன்றிரண்டு வாரம். இதைச் செய்யாமல் முதல் நாளே படுக்கையில் இருட்டில் 11-ஐச் சந்திப்பது யாருக்குமே கஷ்டம்.

அடுத்து, மெஷினில் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்தால், போட்டவுடனேயே முழு 11-ம் வருகிறது என்று தெரிகிறது. ராம்ப் என்ற வசதியை யாரும் உங்களுக்கு வைத்துத் தரவில்லைபோலும். அதை வைத்தால் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, 20 முதல் 45 நிமிடத்தில் மெதுவாக 11-க்கு ஏறும், அதற்குள் தூங்கிவிடுவீர்கள். நடுராத்திரி விழிப்பு வந்தால் திரும்பவும் ராம்ப்பில் இருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம். ஆரம்ப அளவைப் பலர் 4-ல் வைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் பலருக்கு 4-ல் இழுக்கக் காற்று போதாமல் வேறுவிதமான திணறல் வரும். 5 அல்லது 6-ல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தைத் தணிக்கும் வசதி. ரெஸ்மெட் மெஷினில் இதன் பெயர் இபிஆர், ஃபிலிப்ஸில் ஃப்ளெக்ஸ். மற்ற கம்பெனி மெஷின்களிலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இபிஆரை 3-ல் வைத்தால், இழுக்கும்போது 11, விடும்போது 8. ஃப்ளெக்ஸில் எண் அப்படி நேர்க்கணக்கு இல்லை. நீங்கள் எவ்வளவு வேகமாக விடுகிறீர்களோ அதற்கேற்பத் தணியும். ஆய்வுகளைச் சராசரியாகப் பார்த்தால், இந்த வசதியால் மட்டும் எல்லோரும் கூடுதல் நேரம் மெஷின் போட்டுவிடவில்லை. ஆனால் உங்களைப்போல் வெளிமூச்சு ஒன்றுக்காகவே கழற்றுகிறவருக்கு நான் தயங்காமல் வைத்துத் தருவேன். ஒரு ஜாக்கிரதை வேண்டும். தொண்டையைத் தாங்குவது வெளிமூச்சு அழுத்தம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைக் குறைத்தால் சிலருக்கு அடைப்பு திரும்பவும் எட்டிப் பார்க்கும். அதனால் வைத்தபின், மூச்சு எத்தனை முறை தடைபட்டது என்று மெஷினில் பதிவாகும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. கூடினால், ராம்ப் நேரத்தில் மட்டும் அந்த வசதி வேலை செய்யும்படி மாற்றலாம், அல்லது அடிப்படை அழுத்தத்தைச் சற்று ஏற்றலாம். இதெல்லாம் டாக்டர் சொல்லி டெக்னீஷியன் செய்ய வேண்டியது. மெஷினைக் கொடுத்தவர்களிடம் உரிமையோடு கேளுங்கள்.

விட்ட மூச்சு திரும்ப உள்ளே போகுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். மாஸ்க்கின் முன்புறமோ மூட்டிலோ பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும்; உஸ்ஸென்று காற்று கசிகிற இடம். கோளாறு என்று நினைத்துச் சிலர் அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார்கள். நீங்கள் விடும் கரியமில வாயு வெளியேற வேண்டிய வாசல் அதுதான். மெஷினிலிருந்து இடைவிடாமல் வரும் புதுக்காற்று பழையதை அந்த வழியாகத் தள்ளிவிடுகிறது. கொசுவுக்காகப் போர்வையை முகத்தோடு இழுத்து மூடிப் படுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அடிக்கடி போகிற ஊரென்றால் மெஷினுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள்.

மூக்கடைப்பு இருந்தால் மேலே சொன்ன எதுவும் சரியாக வேலை செய்யாது. இழுக்கும்போது மெஷின் தள்ளிவிடுவதால் அடைப்பு தெரியாது, விடும்போதுதான் தெரியும். படுக்கப் போகும்முன் சலைன் ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள். காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் இருந்தால் போடுங்கள், ஏசி அறையில் அவசியம் போடுங்கள். அதில் போர் தண்ணீரை ஊற்றாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மூக்குத் தண்டு வளைவோ அலர்ஜியோ இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. மெஷின் இல்லாத பகல் நேரத்திலும், மாடிப்படி ஏறினால் மூச்சை விடச் சிரமமாக இருக்கிறதா? நெஞ்சில் விசில் சத்தம் வருகிறதா? வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கு, சிகரெட்டைத் தொடாமலேயே நுரையீரல் காற்றுப் பாதை சுருங்கும் நோய் வருகிறது. அவர்களுக்கு வெளிமூச்சு இயல்பாகவே தாமதமாகும். நான் சொன்ன பயிற்சி மட்டும் போதாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, கால் வீக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டல் இவற்றில் எது இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது நுரையீரல் சுருங்கி நெஞ்சில் டியூப் போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மெஷின் போட்டபின் திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், மெஷினை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மாற்றங்களைச் செய்து இரண்டு வாரம் கழித்து, மெஷினில் உள்ள மெமரி கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எத்தனை முறை மூச்சு தடைபட்டது, காற்று எவ்வளவு கசிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் பிறகும் வெளிமூச்சு பிடிபடவே இல்லை என்றால் பைபேப் இருக்கிறது. இழுக்க ஓர் அழுத்தம், விட அதைவிட 4 அளவோ அதற்கு மேலோ குறைந்த அழுத்தம் என்று தனித்தனியாக வைக்கலாம். விலை அதிகம். அதனால் எடுத்தவுடன் வாங்கிவிடாமல், ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.