தாங்குவது யார் கடன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடைமடையில் நாலு ஏக்கர் சம்பா. நகையை அடகு வைத்துத்தான் விதைத்திருக்கிறேன். மேட்டூர் நீர்மட்டத்தை ராத்திரியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பயிர்க் காப்பீடு கட்டலாமென்றால், ‘எல்லாம் அவன் செயல், அவன் பார்த்துப்பான்’ என்று தடுக்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. நீங்கள் நினைப்பதிலும் பாதி. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பர் வாக்கை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முந்தைய அடியை விட்டுவிடுகிறோம்: ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்.’ காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர்ப் பதிகத்தில் வருவது. கடன் என்றால் இங்கே கடமை. ஆக, இரண்டு கடன், இரண்டு பேர்: தாங்குவது சிவன், பணி செய்வது நாம். நீங்கள் அவன் கடனையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள்; அப்பா தன் கடனை அவன் தலையில் கட்டுகிறார்.

குடகில் மழை பெய்வது அவன் பாடு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே ஏறக்குறைய 3 நாள். உங்கள் வாய்க்காலுக்கு இன்னும் பல நாள். மணிக்கொரு தரம் பார்த்து என்ன ஆகப்போகிறது? 2024-ல் வழக்கமான ஜூன் 12 தாண்டி ஜூலைக் கடைசியில்தான் அணை திறந்தது. டெல்டாவில் அத்தனை பேர் தூக்கம் கெட்டும் ஒருநாள் முந்தவில்லை. காலையில் வரும் கணக்கை ஒருமுறை பாருங்கள். ராத்திரி போன் வேறு அறையில் கிடக்கட்டும்.

காப்பீடு உங்கள் பாடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி பங்கு 1.5 சதவீதம், ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் பொது சேவை மையத்தில் சர்வர் படுத்துவிடும், முன்னாலேயே போய்விடுங்கள். வி.ஏ.ஓ. தரும் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று), சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் வேண்டும். தப்பு வருவது சர்வே எண்ணின் உட்பிரிவில்: 112/2ஏ என்பது 112/2 என்று ஏறிவிடும். ரசீதை அங்கேயே நின்று அடங்கலோடு ஒத்துப் பாருங்கள். இன்னொன்று, மகசூல் இழப்பைக் கிராமத்து அறுவடைப் பரிசோதனையை, அதாவது ஊரில் சில வயல்களில் அறுத்து எடை பார்ப்பதை, வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் வயல் மட்டும் போனால் பணம் வராமலும் போகலாம். அந்த மிச்சத்தைத்தான் அவனிடம் விடவேண்டும். 540 ரூபாயை அல்ல. இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. மகன் வெளிநாட்டில். மூன்று பரிகாரம் செய்தாயிற்று. நாலாவது சொல்கிறார் ஜோசியர். எனக்கு பக்தி போதவில்லையோ?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பக்திக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. முதலில் டாக்டரைப் பாருங்கள். இதயம், ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை என்று படபடப்புக்குப் பல காரணம் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்து வைத்தீசுவரன் கோயிலில் சுவாமி பெயரே வைத்தியநாதர்; பிரசாதம் திருச்சாந்துருண்டை என்ற மருந்து. மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லக்கூடாது.

உடம்பில் கோளாறில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அது பயத்தின் படபடப்பு. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். மல்லுக்கு நின்றால் ஏறும். எழுந்து உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரத்துக்கு விடுங்கள். விடும்போது ‘நமசிவாய’ ஒரே ஒரு தரம், நிதானமாக. பத்து முறை போதும். பயத்தில் படபடவென்று ஜபித்தால் மூச்சு வாங்கி, விரல் மரத்து, பயம் இன்னும் கூடும். ஜபம் பலிக்கவில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான்.

மகன் எண்ணுக்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்கச் சொல்லுங்கள். ராங் நம்பருக்கெல்லாம் நெஞ்சு அடிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. நாலாவது பரிகாரம் வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்றபின் சும்மா உட்கார்ந்தால் கண்டதையும் நினைக்கிறேன். ‘பணி’ என்று எதைச் செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அப்பர் கையிலிருந்தது உழவாரம், கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். உங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, காலையில் ஒரு மணி நேரம், பத்தடிக்குப் பத்தடி செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். கோரையை மேலாகக் கிள்ளினால் சில நாளில் மறுபடி நிற்கும். கிழங்கோடு தோண்ட வேண்டும். கோபுரத்திலோ மதிலிலோ அரசங்கன்று தெரிந்தால் கை வைக்காதீர்கள், இழுத்தால் செங்கல்லும் கூடப் பெயரும். இடத்தை மட்டும் காட்டிவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் குந்தவேண்டாம். நீளப் பிடி போட்ட களைக்கொத்து என்று கொல்லுப்பட்டறையில் சொன்னால் அடித்துத் தருவார்கள்.