கண்ணாடித் திரையில் பிரெயில் எழும்புமா?

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறோம். 2009இல் தம்பிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பிரெயில், அதாவது விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து, நன்றாக வாசிப்பான். மின்புலத்தால் கண்ணாடியிலேயே புள்ளி எழும்பும் டெப் ஒன்று எடுத்துத் தருவதாக ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்கிறார். மூன்று இலட்சமாம், பாதியை முதலே கட்ட வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி.

மின்புலத்தால் தொடு உணர்வு தரலாம் என்பது உண்மைதான். 1953இலேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்த விஷயம் அது. சார்ஜில் போட்ட மடிக்கணினியின் உலோக உடம்பை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் சொரசொரவென்று ஒரு அதிர்வு தெரியும். விரலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இந்தத் திரைகளும் அப்படித்தான். எதுவும் மேலே எழும்புவதில்லை, ஓடும் விரலை மின்புலம் கொஞ்சம் பிடித்து இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த இழுப்பு விரல் நுனி முழுவதற்கும் ஒன்றுபோல இருக்கும். பிரெயிலில் புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர்தான். ஒரே விரலுக்குள் எந்தப் புள்ளி இருக்கிறது, எது இல்லை என்று தம்பி எப்படிப் பிரித்தறிவான்? காதுக்குக் கேட்காத கேளா ஒலியால் காற்றில் உணர்வு தரும் கருவிகளும் உண்டு. அவற்றின் அலை நீளமே எட்டு மில்லிமீட்டருக்கு மேல், இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளிப் புள்ளிகளை அதால் பிரித்துக் காட்ட முடியாது. அதிலும் பிரெயில் வராது.

இந்தத் தரகர்கள் காட்டும் வித்தை எனக்குத் தெரியும். விரல் தொடும்போது டெப் எழுத்தை வாசித்துச் சொல்லும், வீட்டார் விரலால் வாசித்தது என்று நம்பிவிடுவார்கள். அந்தக் குரல் டாக்பேக், ஆண்ட்ராய்டு போன்களில் இலவசமாகவே இருப்பது. சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, தம்பிக்குத் தெரியாத ஒரு சொல்லை வாசிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆள் அன்றைக்கே வண்டியைத் திருப்பிவிடுவார்.

ஒன்றுக்கு மட்டும் அந்தத் திரை உதவும்: கோடுகளுக்கு. வரைபடத்தின் எல்லையை, கணக்கு வளைவை விரல் கடக்கும்போது உரசல் மாறும், தேடிப் பிடிக்கலாம். அதற்கும் விரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காய்ந்தும் இருக்க வேண்டும். நம் வன்னி வெயிலில் வியர்த்த விரலுக்கு அது சரியாகத் தெரியாது, துணியால் துடைத்துத் துடைத்துத்தான் பார்க்க வேண்டும். தம்பி வரைபடம் படிக்கிறவன் என்றால், வாசிக்கும் கருவி ஒன்று கையில் வந்த பிறகு இதை யோசிக்கலாம்.

அவனுக்குத் தேவை நிஜ ஊசிகள் மேலெழுந்து இறங்கும் பிரெயில் கருவி. புளூடூத்தில் போனோடு இணையும். தமிழ்ப் பிரெயில் காட்டுகிறதா என்று அவனே தடவிப் பார்த்துச் சொன்ன பிறகு காசைக் கொடுங்கள்.

இந்தக் கருவிக்கு அரச உதவி கேட்டுப் போனால் அலுவலகத்துக்கு அலுவலகம் அதே படிவம், அதே மருத்துவச் சான்றிதழ். போன கண் திரும்பி வந்துவிட்டதா என்றா பார்க்கிறார்கள்? பார்வையில்லாத பிள்ளையை ஏ9 வீதியில் பஸ் மாறி மாறி அலைய வைப்பதால்தான் தரகர் உங்கள் வீட்டுப் படி ஏறுகிறார். ஆனாலும் விண்ணப்பத்தைக் கொடுங்கள், பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

தரகரிடம் ஏற்கெனவே ஏதும் கொடுத்திருந்தால் எவ்வளவு, எந்த நாள், யார் முன்னால் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.