உருண்டை ஸ்டென்சில் எழுத்து: பாலத்தை எங்கே போடுவது?

கேள்வி: குழந்தைகள் நூலகத்துக்குப் பெயர்ப்பலகை செய்கிறோம். ஸ்டென்சில் எழுத்து (தகட்டில் எழுத்து வடிவை வெட்டி, அந்த ஓட்டை வழியாகப் பெயின்ட் அடிப்பது) வைத்தால் ராணுவச் சரக்குப் பெட்டி மாதிரி ஆகிவிடாதா?

பதில்: உருண்டையாக இருந்தால் ஆகாது. உங்கள் மனதில் இருப்பது 1937-இல் ஜெரி பவல், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக வரைந்த ‘ஸ்டென்சில்’ ஃபான்ட்டாக இருக்கும். தடித்த தண்டு, செரிஃப் (கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குறுக்குக்கோடு), பெரிய எழுத்து மட்டும். அந்தப் பெட்டிக் களை அங்கிருந்து வருவது. செரிஃபை எடுத்துவிட்டு, கோட்டின் முனைகளை வட்டமாக்கிப் பாருங்கள். விளையாட்டுக் கட்டைகளை அடுக்கி எழுதியது போல இருக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: எழுத்தின் கோட்டை நடுவில் துண்டாக்கும் இடைவெளிக்கு இரு பக்கமும் உள்ள முனைகளையும் சேர்த்து உருட்ட வேண்டும். வெளி ஓரத்தை மட்டும் உருட்டினால் கத்தியால் கீறியது போலத்தான் தெரியும்.

கேள்வி: தகட்டில் வெட்டினேன், ஆங்கில ‘ஓ’வின் நடுத்துண்டு கீழே விழுந்துவிட்டது.

பதில்: அதைத் தாங்கத்தான் பாலம், அதாவது நடுத்துண்டைச் சுற்றியுள்ள தகட்டோடு பிடித்து வைக்க வெட்டாமல் விடும் பட்டை. எழுத்தில் இடைவெளியாகத் தெரிவது அதுதான். எதிரெதிரே இரண்டு வையுங்கள். ஒரே பாலம் என்றால் நடுத்துண்டு ஆடும், ஸ்ப்ரே அடிக்கும்போது பெயின்ட் அடியில் கசியும். அப்புறம், ரவுட்டரில் (சுழலும் முனையால் பலகையை வெட்டும் கருவி) வெட்டுபவர்களுக்கு உருண்டை எழுத்து வசதி. 6 மி.மீ. விட்டமுள்ள பிட் (வெட்டும் முனை), உள்மூலையில் எப்படியும் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவைத்தான் விடும்.

கேள்வி: தமிழ் எழுத்தில் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். ட, ப, ய, ர திறந்த எழுத்துகள், எதுவும் விழாது. க, த, ம, ண ஆகியவற்றில் மூடிய வளையம் உண்டு, பாலம் கட்டாயம். ஆனால் சில எழுத்தில் வெட்டு (பாலம் விடும் இடைவெளி) இருந்து சிலவற்றில் இல்லாவிட்டால் சொல் ஏறுமாறாகத் தெரியும். அதனால் திறந்தவற்றுக்கும் ஒரு வெட்டு கொடுங்கள். ‘ர’வை மட்டும் கீழே வால் பிரியும் இடத்தில் வெட்டாதீர்கள், வால் தனியாகப் போய், மிச்சம் துணைக்காலாகிவிடும். மேல் மூலையில் வெட்டுங்கள்.

இதைவிட ஆபத்து, ஈகாரக் கொக்கியின் சுழி. அது கொஞ்சம் திறந்தாலும் ‘கீரி’ ‘கிரி’ ஆகிவிடும். அந்தச் சுழியில் பாலம் போடாமல், கெட்டிக் குமிழாக்கிவிடுவேன். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே வழி: வளையம் வேண்டாம், நிறைந்த வட்டம் போதும்.

கேள்வி: அழைப்பிதழ் முழுவதும் இதே எழுத்தில் போடலாமா?

பதில்: வேண்டாம். தலைப்புக்கு மட்டும். சின்ன அளவில் மை பரவி இடைவெளிகள் அடைந்துபோகும்.

கேள்வி: தலைப்பை எங்கள் வீட்டிலேயே யாராலும் சட்டென்று வாசிக்க முடியவில்லை. ஏன்?

பதில்: படத்தைப் பார்த்தேன். எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியும், எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியும் ஒரே அளவு. ‘ம’ இரண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. பாலத்தைக் குறுக்குங்கள், எழுத்துகளைத் தள்ளி வையுங்கள். பிறகு அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.