தோற்கும் வரை காத்திருக்காதீர்கள்

அமெரிக்க ராணுவக் கட்டட டெண்டரில் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, எங்களிடம் சங்கமே இல்லை, தோற்றால் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவரை பொறுத்தால் கெட்டது. நிபந்தனை ஆவணத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் விலைப்புள்ளி கொடுக்கும் கெடுவுக்குள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். 2007இல் ப்ளூ அண்ட் கோல்ட் ஃப்ளீட் என்ற வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, தாமதமாக வருபவர்களை, அரசு டெண்டர் வழக்குகளை விசாரிக்கும் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை.

இந்த நிபந்தனைக்கு அடிப்படை, 3.5 கோடி டாலரும் அதற்கு மேலுமான கட்டுமானங்களுக்கான 2022ஆம் ஆண்டு அதிபர் ஆணை 14063. உங்களுக்குக் கைகொடுப்பது 2025 ஜனவரியில் வந்த எம்விஎல் யுஎஸ்ஏ என்ற நிறுவனத்தின் வழக்குத் தீர்ப்பு. அரசுத் துறைகளின் சொந்தச் சந்தை ஆய்வே போட்டி குறையும் என்று சொல்லியும் நிபந்தனையை வைத்தது, அரசு ஒப்பந்தங்களில் போட்டி வேண்டும் என்னும் சட்டத்துக்கு முரண் என்றார் நீதிபதி. ஆனால் அந்தத் தீர்ப்பால் ஆணை ரத்தாகிவிடவில்லை, தீர்ப்பை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

சரி, இன்றே ஒப்பந்த அதிகாரிக்கு எழுதுங்கள்: சந்தை ஆய்வு நடந்ததா, நிபந்தனையிலிருந்து விலக்குப் பரிசீலிக்கப்பட்டதா? அப்புறம், தொழிற்சங்க ஒப்பந்தத்தை விலைப்புள்ளியோடு கேட்கிறார்களா, வேலை கிடைத்த பிறகா என்று பாருங்கள். பிறகு என்றால் மூச்சுவிட நேரம் உண்டு. சங்கம் இல்லாத நிறுவனமும் போட்டியிடலாம், ஆனால் உங்கள் துணை ஒப்பந்ததாரர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள்.